பினாங்குத் தெருவிளக்கும் கடன் பத்திரமும்



விடியற்காலையில் எழுந்து பெரட்டுக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரக் காட்டுக்குள் நுழைந்தவர்களுக்கு இருட்டைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே இன்று நாம் வெளிச்சத்தைப் பற்றிப் பேசலாம். பட்டணத்துத் தெருவில் ஒரு விளக்கு எரிகிறதே, அது யார் பணத்தில் எரிகிறது? அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? அதே விளக்கு ஏன் நம் தோட்டத்து வாசல்வரை வந்து நின்றுவிட்டது? இந்தக் கேள்விகளுக்குப் பினாங்கின் வரலாற்றில் விடை கிடைக்கிறது.

நம் பாட்டன், பூட்டன்மாரில் பலர் இந்த நாட்டில் முதன்முதலாகக் கண்ட கரை பினாங்குதான். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் பினாங்குத் துறைமுகத்தை அடைந்து, ஜெரஜாக் தீவில் தொற்றுநோய்க் காப்பு முகாமில் நாட்களைக் கழித்து, பிறகு தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். 1926 முதல் 1973 வரை ஓடிய ரஜூலா கப்பலைப் பற்றிக் கேட்டால், நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இன்றும் கதை முடியாது. அந்தக் கப்பலின் மேல்தட்டில் நின்று இரவில் பார்த்தவர்களுக்கு ஜார்ஜ்டவுன் நகரம் விளக்கு வரிசையாகத் தெரிந்திருக்கும். ஊரில் அகல் விளக்கையும் அரிக்கேன் விளக்கையும் மட்டுமே அறிந்தவர்கள் அதைக் கண்டு வியந்திருப்பார்கள் என்பதில் ஐயமில்லை.

அந்த விளக்குகளுக்கு ஒரு கணக்கு உண்டு. 1786ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் பினாங்கில் கால் வைத்தபோது அது பெரும்பாலும் காடு. பதினான்கே ஆண்டுகளில், அதாவது 1800இல், ஊரின் சாலைகளுக்கும் சாக்கடைகளுக்கும் வரி மதிப்பிட ஒரு குழுவை அமைத்தார்கள். மலாயாவின் முதல் ஊராட்சி அமைப்பு அதுதான். வீட்டின் வாடகை மதிப்பைக் கணக்கிட்டு அதில் ஒரு பங்கை வரியாக வாங்குவது இதன் அடிப்படை. இன்றும் மலாய் மொழியில் அதைச் 'சுக்காய் பிந்து' என்கிறார்கள். கதவு வரி என்று பொருள். பொருத்தமான பெயர்தான். கதவு வைத்து வீடு கட்டியவன் தன் கதவுக்கு வெளியே உள்ள தெருவுக்காகக் கொடுக்கும் பணம் அது.

1857இல் வரி கட்டுவோர் வாக்களித்து உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. மலாயாவில் நடந்த முதல் தேர்தல் என்று அதைச் சொல்லலாம். ஆனால் வாக்குரிமை பெற்றவர்கள் மிகச் சிலர். 1913இல் அந்தத் தேர்தலையும் நீக்கிவிட்டார்கள். அதன்பிறகு நகராண்மை உறுப்பினர்களை ஆளுநரே நியமித்தார்.

மின்சாரத்துக்கு முன்பு தெருக்களில் எண்ணெய் விளக்குகள்தான் எரிந்தன. சிங்கப்பூரில் 1824இல் தேங்காய் எண்ணெய் ஊற்றித் தெருவிளக்கு ஏற்றினார்கள். தேங்காய் எண்ணெயின் இடத்துக்குப் பிற்காலத்தில் மண்ணெண்ணெய் வந்தது. மாலையில் ஓர் ஆள் ஏணியோடு வருவார், கண்ணாடியைத் துடைப்பார், திரியைக் கத்தரிப்பார், எண்ணெய் ஊற்றி ஏற்றுவார். காலையில் மீண்டும் வந்து அணைப்பார். எண்ணெய் தீர்ந்தால் விளக்கு அணைந்துவிடும். ஆனால் இந்த முறையில் ஒரு வசதி இருந்தது. செலவு அன்றாடச் செலவு. இந்த ஆண்டு வந்த வரியில் இந்த ஆண்டுக்கான எண்ணெயை வாங்கிவிடலாம். யாரிடமும் கடன் கேட்க வேண்டியதில்லை.

மின்சாரம் அப்படிப்பட்டதன்று. ஒரு விளக்குக்கூட எரிவதற்கு முன்பே நீராவிக் கொதிகலன் வேண்டும், மின்னாக்கி வேண்டும், கட்டடம், கம்பம், கம்பி, நிலத்தடி வடம் எல்லாம் வேண்டும். முதல் நாளே பெரும் பணம் வேண்டும். வருமானமோ சிறிது சிறிதாகப் பல ஆண்டுகள் கழித்துத்தான் வரும்.

இதை நம்மவர்களைவிட எளிதாகப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் யார்? ரப்பர் கன்றை நட்ட மறுநாளே பால் வடிவதில்லை. காட்டை அழித்து, கன்று நட்டு, களை எடுத்து, ஐந்தாறு ஆண்டுகள் காத்திருந்தால்தான் முதல் கோப்பை நிறையும். அதுவரை கூலி எங்கிருந்து வந்தது? கம்பெனிகள் லண்டனில் பங்குகளை விற்றுத் திரட்டிய மூலதனத்திலிருந்து வந்தது. நகராண்மைக் கழகத்தால் பங்கு விற்க முடியாது. ஊரைப் பங்கு போட்டு விற்க முடியுமா? ஆகவே அதற்குச் சட்டம் இன்னொரு வழியைத் தந்தது. ஆளுநரின் ஒப்புதலோடு, வருங்கால வரிப்பணத்தை ஈடாகக் காட்டிக் கடன் வாங்கலாம். அந்தக் கடனுக்கு அத்தாட்சியாகக் கொடுக்கப்படும் தாள்தான் கடன் பத்திரம்.

அது எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். ஓர் எடுத்துக்காட்டுக்காக, நகராண்மை நூறு வெள்ளிப் பத்திரம் ஒன்றை, நூற்றுக்கு ஐந்து வட்டியில், முப்பது ஆண்டுத் தவணைக்கு வெளியிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்கியவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டரை வெள்ளி வட்டி கிடைக்கும். பழைய பத்திரங்களின் ஓரத்தில் சிறு சிறு சீட்டுகளாக அச்சடித்திருப்பார்கள். ஒவ்வொரு தவணைக்கும் ஒன்றை வெட்டிக் கொடுத்து வட்டியை வாங்கிக்கொள்ள வேண்டும். முப்பதாம் ஆண்டு அசல் நூறு வெள்ளியும் திரும்பி வரும்.

அந்த அசலைத் திருப்பித் தருவதற்கு என்ன உறுதி? அங்கேதான் சட்டம் ஒரு கட்டுப்பாடு வைத்தது. கடன்தீர் நிதி என்று தனியே ஒரு நிதி வைத்து, ஆண்டுதோறும் அதில் ஒரு தொகையைப் போட்டு வரவேண்டும். அந்தப் பணத்தைத் தொட்டு வேறு செலவு செய்யக் கூடாது. தவணை முடியும்போது கடனைத் தீர்க்கும் அளவுக்கு அது வளர்ந்திருக்க வேண்டும். நம் தோட்டங்களில் கூட்டுச் சீட்டுப் பிடிக்கிறோமே, அதில் சீட்டை முதல் மாதமே எடுத்தவர் கடைசி மாதம்வரை கட்டித்தானே ஆகவேண்டும்? நகராண்மையும் அப்படித்தான். முதலிலேயே சீட்டை எடுத்து விளக்கைப் போட்டுவிட்டது. பிறகு முப்பது ஆண்டுகள் கட்டிக்கொண்டே இருந்தது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. கூட்டில் ஏமாற்றுகிறவர் இரவோடு இரவாகத் தோட்டத்தை விட்டு ஓடிவிடலாம். நகரம் எங்கே ஓடும்? அதனால்தான் கடன் கொடுப்பவர் நகராண்மைத் தாளை நம்பிக் குறைந்த வட்டிக்குச் சம்மதித்தார். அதே பினாங்குத் தெருவில் நம் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. அங்கே கடைக்காரரும் சிறுதோட்டக்காரரும் வாங்கிய கடனுக்கு வட்டி இதைவிட அதிகம். ஈடு உறுதியாக இருந்தால் வட்டி இறங்கும், ஐயமிருந்தால் ஏறும். கடன் உலகின் விதி அன்றும் இன்றும் அதுதான்.

பிள்ளைகளின் தலையில் கடனை ஏற்றலாமா என்று சிலர் கேட்கக்கூடும். கொதிகலனும் கம்பமும் முப்பது ஆண்டுகள் உழைக்குமென்றால், அந்த வெளிச்சத்தில் நடக்கப்போகும் பிள்ளைகளும் அதற்கு ஒரு பங்கு கொடுப்பது நியாயமே என்பது நம் எண்ணம். ஆனால் பத்தாண்டில் தேய்ந்துபோகும் பொருளுக்கு முப்பதாண்டுக் கடன் வாங்கினால் அது அநியாயம். கடன் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதைவிட, பொருளின் ஆயுளையும் கடனின் ஆயுளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது மேல்.

நகரமே விளக்குத் தொழிலை நடத்துவது என்னும் எண்ணம் இங்கிலாந்திலிருந்து வந்தது. பர்மிங்ஹாம் நகர மேயராக இருந்த ஜோசப் சேம்பர்லைன் 1875இல் அங்கிருந்த எரிவாயுக் கம்பெனிகளை நகராண்மையே கடன் வாங்கி விலைக்கு எடுக்கும்படி செய்தார். இலாபம் ஊருக்கு வந்தது. 1889இல் பிராட்போர்டு நகராண்மை சொந்தமாக மின்நிலையம் தொடங்கியது. மலாயாவிலோ மின்சாரத்தை முதலில் கொண்டுவந்தவர்கள் தனியார்தான். 1894இல் ரவாங்கில் லோக் யூவும் நம் தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்தின் நீரிறைக்கும் பொறிகளை மின்சாரத்தால் ஓட்டினார்கள். இந்நாட்டு மின்சார வரலாற்றின் முதல் பக்கத்திலேயே ஒரு தமிழர் பெயர் இருப்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

சிங்கப்பூர் நகராண்மை 1906இல் டிராம் கம்பெனியிடமிருந்து மின்சாரத்தை வாங்கித் தெருவுக்கு விளக்குப் போட்டது. பினாங்கு சொந்தமாகச் செய்தது. 1903இல் கடற்கரைத் திடலுக்கு எதிரே ஒரு இலட்சம் வெள்ளிச் செலவில் நகராண்மைக் கட்டடம் எழுந்தது. இன்று நகர மண்டபம் என்கிறோமே, அதுதான். பினாங்கில் மின்விளக்கும் மின்விசிறியும் பொருத்தப்பட்ட முதல் கட்டடங்களில் அதுவும் ஒன்று. 1904இல் நகராண்மையின் மின்விநியோகம் தொடங்கியது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அதே மின்சாரத்தில் டிராம் வண்டிகள் ஓடின. படகுத்துறையிலிருந்து ஆயர் ஈத்தாம்வரை தண்டவாளம் போனது. 1925இல் டிராலி பஸ் வந்தது. 1936இல் டிராம் நின்றது. 1961இல் டிராலி பஸ்ஸும் நின்றது. இவையெல்லாம் நகராண்மையின் சொந்தத் தொழில்கள்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தெருவிளக்கு இரவில் மட்டும் எரிகிறது. பகலெல்லாம் மின்னாக்கி சும்மா நின்றால் வாங்கிய கடனுக்கு வட்டி எங்கிருந்து வரும்? டிராம் பகலில் ஓடிப் பணம் ஈட்டியது. கடைக்காரர்களும் பங்களாக்காரர்களும் விளக்குக்கும் விசிறிக்கும் கட்டணம் கொடுத்தார்கள். காசு வராத தெருவிளக்கைக் காசு வரும் டிராமும் கடைவீதியும் தூக்கிச் சுமந்தன. மின்தொழிலை நகரமே வைத்திருந்ததால்தான் இந்தக் கைமாற்று முடிந்தது.

இனி அந்த வெளிச்சம் எதுவரை போனது என்று பார்க்கலாம். நகராண்மையின் சாலை வேலையிலும் சாக்கடை வேலையிலும் துப்புரவிலும் தமிழர்கள் ஏராளமாக உழைத்தார்கள். அவர்கள் நகரத்துக்குள் இருந்ததால் தெருவிளக்கின் பயனில் அவர்களுக்கும் பங்கிருந்தது. நீரிணைக்கு அக்கரையில், செபராங் பிறையில், 1840களிலிருந்தே கரும்புத் தோட்டங்களில் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாக இருந்தார்கள். கரும்பு போய் ரப்பர் வந்தது. 1910இல் ஒப்பந்தக் கூலி முறையும் ஒழிந்தது. கடலோரத் தோட்டத்திலிருந்து பார்த்தால் பினாங்கின் விளக்குகள் தெரியும். லயத்துக்குள் சிம்னி விளக்குதான். நகராண்மை எல்லைக்கு உள்ளே வாங்கிய வரியை, எல்லைக்கு உள்ளேதான் செலவு செய்யலாம் என்பது சட்டம். தோட்டமோ தனியார் நிலம். அதற்குள் விளக்குப் போடுவதும் போடாததும் துரையின் விருப்பம்.

இந்த 'தனியார் நிலம்' என்னும் சொல் நம்மை எத்தனை ஆண்டுகள் துரத்தியது! நாடு விடுதலை பெற்றபின் கிராமப்புற வளர்ச்சித் திட்டங்கள் கம்பங்களுக்குச் சாலையும் நீரும் மின்சாரமும் கொண்டுசென்றன. தோட்டங்கள் கம்பெனிகளின் சொத்து என்று அவற்றை அந்தத் திட்டங்களில் சேர்க்கவில்லை. பல தோட்டங்களில் தோட்டத்து இயந்திரம் மாலையில் ஓடத் தொடங்கும். இரவு பத்து மணி வாக்கில் நின்றுவிடும். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் அதன்பிறகு மெழுகுவத்தியைத் தேடுவார்கள். தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்தபட்ச வசதிகளை 1966இல் வந்த சட்டம் வரையறுத்தது. 1990இல் அதற்குப் பதிலாக வந்த சட்டம், போதுமான மின்சாரம் கிடைக்கச் செய்வது முதலாளியின் கடமை என்று எழுதியது. பினாங்குத் தெருவில் மின்விளக்கு எரியத் தொடங்கி அப்போது எண்பத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

பினாங்கின் கதைக்குத் திரும்புவோம். 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுனில் மீண்டும் நகராண்மைத் தேர்தல் நடந்தது. பதினைந்து இடங்களில் ஒன்பதுக்கு மக்கள் வாக்களித்தார்கள். 1956க்குள் எல்லா இடங்களும் தேர்தலுக்கு வந்தன. 1957 ஜனவரி முதல் நாள் ஜார்ஜ்டவுன் மாநகரமாயிற்று. அதன் முதல் மேயர், தொழிற்கட்சியைச் சேர்ந்த டி. எஸ். இராமநாதன். மின்சாரமும் நீரும் பஸ்ஸும் கையில் இருந்ததால் மலாயாவிலேயே செல்வம் மிகுந்த மன்றங்களில் ஒன்றாக அது விளங்கியது. அந்தச் செல்வத்துக்கு அவர் தலைவர். கூலிகளின் இனம் என்று பார்க்கப்பட்ட நம்மவருக்கு அது சாதாரணச் செய்தியா?

அது நெடுநாள் நீடிக்கவில்லை. 1965இல் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி நாடெங்கும் ஊராட்சித் தேர்தல்களை நிறுத்தினார்கள். 1966இல் மாநகர் மன்றத்தின் பொறுப்புகள் மாநில முதலமைச்சரிடம் போயின. ஊராட்சி மன்றங்களை ஆராய்ந்த அரச ஆணையத்துக்குத் தலைவராக இருந்தவரும் ஒரு தமிழர்தான், செனட்டர் ஆதி நாகப்பன். தேர்தல் மீண்டும் வேண்டும் என்று அந்த ஆணையம் பரிந்துரைத்தது. அரசாங்கம் ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் நியமன முறையையே நிலைநாட்டியது. பினாங்கு மாநிலம் தேர்தலைத் திரும்பக் கொண்டுவர 2012இல் ஒரு சட்டம் இயற்றியது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அதற்கு இடம்தரவில்லை.

அதே 1976இல் இன்னொன்றும் நடந்தது. மாநகரத்தின் மின்விநியோகத் தொழிலைத் தேசிய மின்சார வாரியம் ஏற்றுக்கொண்டது. 1990இல் அந்த வாரியம் தெனாகா நேஷனல் ஆயிற்று. ஒரே வாரியத்தின் கையில் தீபகற்பம் முழுவதும் வந்ததால்தான் மின்கம்பி உள்நாட்டுக் கிராமங்கள்வரை நீண்டது. இதை மறுக்க முடியாது. ஆனால் நகரம் தன் விளக்கைத் தானே எரித்த காலம் அத்துடன் முடிந்தது. தெருவிளக்குக்காக மின்கட்டணம் கட்டும் வாடிக்கையாளராக மன்றம் மாறியது. கறவை மாட்டை விற்றுவிட்டுப் பாலை விலைக்கு வாங்கும் நிலை. கடன் வாங்கும் அதிகாரமும் குறுகியது. 1976 சட்டத்தின்படி மாநில அரசின் சம்மதம் இருந்தால்தான் மன்றம் கடன் வாங்க முடியும். இந்தியாவில் நகரங்கள் வேறு பக்கம் நடந்தன. 1997இல் பெங்களூரும் 1998இல் அகமதாபாத்தும் கடன் பத்திரம் வெளியிட்டன. பிறகு மதுரை மாநகராட்சியும் உள்வட்டச் சாலைக்காகப் பத்திரம் வெளியிட்டது.

இப்போது சூரிய ஒளி மின்சாரத்துக்கு வருவோம். பழைய கேள்வி இங்கே கூரைமேல் ஏறிவிட்டது. 1904இல் நகராண்மை செய்ததை இன்று ஒரு குடும்பம் தன் வீட்டில் செய்யலாம். இங்கும் செலவு முழுவதும் முதல் நாளே வந்துவிடும். பயன் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்குச் சிறிது சிறிதாகக் கிடைக்கும். நம் நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் தகடு மாதத்துக்கு ஏறத்தாழ நூறு யூனிட் தரும். அதற்கான முதலைக் குடும்பம் எங்கே தேடும்? அங்கேதான் அரசாங்கத்தின் ஊக்கத் திட்டங்கள் வந்தன. 2011இல் இயற்றிய சட்டத்தின்படி, கூரையில் உண்டாகும் மின்சாரத்தை 21 ஆண்டுகளுக்கு உறுதியான விலையில் வாங்கிக்கொள்ள ஏற்பாடானது. அந்தப் பணம் மற்றவர்களின் மின்கட்டணத்தில் நூற்றுக்கு ஒன்று, 2014 முதல் 1.6 என்று சேர்த்து வசூலிக்கப்பட்டது. மாதம் 300 யூனிட்டுக்குள் செலவழிக்கும் வீடுகளுக்கு விலக்கு உண்டு. ஏழையிடம் வாங்கிப் பணக்காரர் கூரைக்குக் கொடுத்துவிடாமல் தடுத்த நல்ல ஏற்பாடு அது.

2016இல் நிகரக் கணக்கு முறை வந்தது. பகலில் மிஞ்சும் மின்சாரத்தைக் கம்பிக்குக் கொடுத்து, அதைக் கட்டணத்தில் கழித்துக்கொள்வது அதன் வழி. 2019 முதல் கொடுத்த யூனிட்டுக்குச் சரியாக ஒரு யூனிட் கழித்தார்கள். 2024இல் அந்த முறையில் சேர்ந்த வீடுகளுக்குக் கிலோவாட்டுக்கு ஆயிரம் வெள்ளி, உச்சமாக நாலாயிரம் வெள்ளி உதவித்தொகை கிடைத்தது. 2021இல் தொடங்கிய மூன்றாம் கட்டத்தின் விண்ணப்பக் காலம் 2025இல் முடிந்தது. ஊராட்சிகளில் பெட்டாலிங் ஜெயா 2011இலேயே, இத்தகைய பசுமை வீடுகளுக்குக் கதவு வரியில் கழிவு கொடுக்கத் தொடங்கியது.

இந்தத் திட்டங்களின் விதிகளை எடுத்துப் படித்தால் ஒரு செய்தி புலப்படும். உதவி போனது மின்கணக்கில் பெயருள்ளவருக்கு. தகடு ஏறியது தன் கூரை என்று சொல்லிக்கொள்ளக் கூடியவரின் வீட்டில். தோட்டத்து லயத்தில் இருப்பவர் மின்சாரம் செலவழிக்கிறார். ஆனால் கூரை கம்பெனியுடையது. மின்கணக்குப் பல இடங்களில் தோட்டத்தின் பெயரில் இருக்கிறது. உள்ளே தனி மானி இருந்தாலும் அது தோட்டத்து அலுவலகத்தின் மானி. கதவு வரியைக் கட்டுவதும் கம்பெனிதான். ஆகவே வரிக் கழிவும் கம்பெனிக்கே. தோட்டத்துக்கு வெளியே, வீட்டுடைமைத் திட்டத்திலோ தாமான் வீட்டிலோ குடியேறிய நம் குடும்பங்களின் நிலை வேறு. அவர்கள் பெயரில் பட்டா இருக்கிறது, மின்கணக்கும் இருக்கிறது.

அடுத்த மாதம் மின்கட்டணச் சீட்டு வரும்போது, தொகையைப் பார்ப்பதற்கு முன் மேலே அச்சிட்டிருக்கும் பெயரைப் பாருங்கள். இறந்துபோன தாத்தாவின் பெயரோ, வீட்டை விற்றவரின் பெயரோ இன்னும் அதில் இருந்தால், தெனாகா அலுவலகத்துக்குப் போய் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். அடையாளக் கார்டும் வீட்டுப் பத்திரமும் கையோடு இருக்கட்டும்.